வித்து வேறு, விளைவு ஒன்று
கணினி விளையாட்டு நிலங்களில் காணும் ஒற்றுமையின் காரணம்

சுரை விதைத்தால் அவரை முளைக்குமா என்று கேட்பது தமிழர் வழக்கு. வித்துக்கு ஏற்ற விளைவு என்பது உழவன் கண்ட உண்மை. வித்து மாறினால் விளைவும் மாறும் என்பது அதனோடு சேர்ந்து வரும் நம்பிக்கை. கழனியில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. கணினித் திரையில் இளைஞர் நாள்தோறும் உலவிவரும் கற்பனை நிலங்களிலோ இது சில வேளை பொய்த்துவிடுகிறது. முற்றிலும் வேறான இரண்டு வித்துகள் அங்கே ஒரே மலையை, ஒரே ஆற்றை, ஒரே காட்டை எழுப்பிக் காட்டுகின்றன. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இதனை அறிவது விளையாடுவோர்க்கு மட்டும் பயன்படும் செய்தியன்று. எண்களை நம்பி வாழும் இக்காலத்தில், பெரிய எண்ணைக் கண்டு மயங்காதிருக்கக் கற்பிக்கும் பாடமும் ஆகும்.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். சுவீடன் நாட்டவரான மார்க்கஸ் பெர்சன் என்பவர் தொடங்கிய இவ்விளையாட்டு 2009-ஆம் ஆண்டு முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 2011 நவம்பரில் முழுவடிவம் பெற்றது. 2023-ஆம் ஆண்டுக்குள் 30 கோடிப் படிகளுக்குமேல் விற்பனையாகிவிட்டது. இதன் உலகம் ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டிகளால் ஆனது. நீளம் 6 கோடிக் கட்டி. அகலமும் 6 கோடிக் கட்டி. நாம் வாழும் நிலவுலகின் மொத்தப் பரப்பைப் போல் இஃது ஏறத்தாழ ஏழு மடங்காகும். இவ்வளவு பெரிய நிலத்தை எந்த ஓவியரும் வரைந்து வைக்கவில்லை, வைக்கவும் இயலாது. விளையாடுவோர் ஓர் எண்ணைத் தருகின்றனர். அல்லது கணினியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அவ்வெண்ணிலிருந்து மலையும் கடலும் குகையும் சிற்றூரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிடப்பட்டு எழுகின்றன. அந்த எண்ணுக்கே ‘வித்து’ என்று பெயர்.

இவ்விளையாட்டின் முகப்பில் 2011 முதல் பல்லாண்டுகள் ஒரு நிலக்காட்சி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கோடிக்கணக்கானோர் கண்ட அக்காட்சி எந்த வித்திலிருந்து எழுந்தது என்பது நெடுங்காலம் எவர்க்கும் தெரியாதிருந்தது. தன்னார்வலர் பலர் தம் வீட்டுக் கணினிகளின் ஆற்றலை ஒன்றுதிரட்டி, ‘மைன்கிராஃப்ட் அட் ஹோம்’ என்னும் கூட்டு முயற்சியின் வழியே 2020 ஜூலையில் அதனைக் கண்டறிந்தனர். அவர்கள் அறிவித்த விடை வியப்பானது. ஒரு வித்தன்று, இரண்டு வித்துகள். ஒன்று 2151901553968352745, மற்றொன்று 8091867987493326313. இவ்விரண்டில் எதனை அப்பழைய பதிப்பில் இட்டாலும் அதே முகப்புக் காட்சி எழுந்து நிற்கும். பார்வைக்கு இவ்விரு எண்களுக்கும் எவ்வகை உறவும் இல்லை. ஆயினும், விளைவு ஒன்று!

வித்து என்பது யாது?

இவ்வியப்பின் விடையைக் காணுமுன், வித்து என்ன தொழில் செய்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

கணினி என்பது சொன்னதைச் செய்யும் பொறி. ‘மனம்போன போக்கில் ஓர் எண் சொல்’ என்றால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஆதலின், முன்னைய எண்ணிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும் ஒரு விதியை அறிஞர் வகுத்தனர். அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லெமர் 1949-ஆம் ஆண்டில் எடுத்துரைத்த முறை அவற்றுள் புகழ்பெற்றது. கையிலுள்ள எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்க வேண்டும். பின்னர் வேறோர் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மீதியே அடுத்த எண். பெருக்கியபின் ஒரு சிறு எண்ணைக் கூட்டிக்கொள்வதும் பின்னாளில் வழக்காயிற்று.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் இதனைத் தெளிவாக்கலாம். ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து மீதியைக் கொள்க. வித்து 7 ஆயின், 5 × 7 + 3 = 38; பதினாறால் வகுக்க மீதி 6. அடுத்து 6-ஐ எடுத்துக்கொண்டால் 33, மீதி 1. இவ்வாறே தொடர்ந்தால் 6, 1, 8, 11, 10 என்று எண்கள் வரும். காண்போர்க்கு இவை ஒழுங்கற்று வந்தன போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் தனக்கு முன்னையதால் உறுதிசெய்யப்பட்டது. இத்தகையவற்றைப் போலித் தற்செயல் எண்கள் என்பர். ஒரே வித்தைக் கொடுத்தால் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வரும் என்பதே இவற்றின் சிறப்பு. வித்தை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். உலகம் முழுவதையும் எப்போது வேண்டினும் மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம்.

நினைவிடம் அரிதாயிருந்த காலத்தில் இஃது ஒரு பெரும்பேறாக விளங்கிற்று. 1984-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டேவிட் பிரேபென், இயன் பெல் என்னும் இருவர் ‘எலீட்’ என்னும் விண்வெளி விளையாட்டைப் படைத்தனர். அது 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் ஓடியது. ஒவ்வொன்றும் 256 விண்மீன்களைக் கொண்ட எட்டு விண்மீன் மண்டலங்களை அச்சிறு நினைவகத்தில் எழுதி வைக்க இயலாது. ஆதலின், மூன்று சிறு எண்களையே வித்தாகக் கொண்டு, அவற்றிலிருந்து எல்லா உலகங்களின் பெயரும் தன்மையும் கணக்கிட்டு எழுப்பப்பட்டன.

கேட்கும் எண் பெரிது. கொள்ளும் எண் சிறிது

மேலே காட்டிய சிறு விதியை மீண்டும் நோக்குக. வித்தாக 7-க்குப் பதில் 23-ஐ இட்டால் என்ன ஆகும்? 5 × 23 + 3 = 118; பதினாறால் வகுக்க மீதி 6. அதன்பின் 1, 8, 11, 10 என்று அதே தொடர் வரும். 39-ஐ இட்டாலும் அதுவே. ஏனெனில், 7, 23, 39 ஆகிய மூன்றையும் பதினாறால் வகுத்தால் மீதி ஏழே. விதி தன்னுள் மீதியை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. எஞ்சியதை அது பார்ப்பதே இல்லை. கதவு சிறிதாயின், வெளியே எத்துணைப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினும் உள்ளே செல்வது கதவு கொள்ளுமளவுதானே!

மைன்கிராஃப்டின் முதல் வடிவம் ஜாவா என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டது. விளையாடுவோர் தரும் வித்து 64 இரும இலக்கங்கள் கொண்டது. இரும இலக்கமாவது 0 அல்லது 1 என்னும் இரண்டில் ஒன்று. 64 இலக்கங்களால் எழுதக்கூடிய எண்கள் 18,446,744,073,709,551,616 ஆகும். ஆனால், ஜாவா மொழியோடு வழங்கும் தற்செயல் எண் கருவி 48 இரும இலக்கங்களையே தன்னுள் கொள்ளும். 25214903917 என்னும் எண்ணால் பெருக்கி, 11-ஐக் கூட்டி, இரண்டின் 48-ஆம் மடியால் வகுத்து மீதி காண்பது அதன் விதி. ஆகவே, வித்தின் கடைசி 48 இலக்கங்கள் மட்டுமே பயன்படும். முன்னுள்ள 16 இலக்கங்கள் வாயிலிலேயே நின்றுவிடும். பதினாறு இலக்கங்களால் 65,536 வேறுபாடுகள் செய்யலாம். அத்தனை வேறுபாடுகளும் வீணே. 65,536 வித்துகள் சேர்ந்து ஒரே உலகத்தை விளைக்கும் என்பதே இதன் பொருள்.

முகப்புக் காட்சியின் இரு வித்துகளை இப்போது சோதித்துப் பார்க்கலாம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 5939966433524973568 கிடைக்கும். இதனை இரண்டின் 48-ஆம் மடியாகிய 281474976710656-ஆல் வகுத்தால், மீதியே இல்லாமல் 21103 என்று வரும். ஏழும் இருபத்து மூன்றும் பதினாறின் கணக்கில் ஒன்றாயினவாறே, இவ்விரு பேரெண்களும் இரண்டின் 48-ஆம் மடியின் கணக்கில் ஒன்றாகிவிட்டன. தாளும் எழுதுகோலும் கொண்டு எவரும் இதனைச் செய்து பார்க்கலாம். உறவற்றவை போலத் தோன்றிய எண்கள் உள்ளே ஓரெண்ணே என்பது கழித்தல் கணக்கொன்றால் புலப்பட்டுவிடுகிறது.

இனிமையும் இனியனவும்

வித்தை எண்ணாகவே தர வேண்டும் என்பதில்லை. விரும்பிய சொல்லையும் எழுதலாம். கணினி அச்சொல்லை ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். மாற்றும் முறையும் எளிதே. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான ஒருங்குறி எண் ஒன்று உண்டு. முதல் எழுத்தின் எண்ணை 31-ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணைக் கூட்ட வேண்டும். வந்ததை மீண்டும் 31-ஆல் பெருக்கி, அடுத்ததைக் கூட்ட வேண்டும். இறுதியில் 32 இரும இலக்கங்களுக்கு மேற்பட்டதை வெட்டிவிட வேண்டும். எஞ்சுவதே வித்து.

இம்முறையில் தமிழ்ச் சொற்களை இட்டால் ஒரு நயமான நிகழ்ச்சியைக் காணலாம். ‘இனிமை’ என்பது ஒரு சொல். ‘இனியன’ என்பது மற்றொரு சொல். முன்னது பண்புப்பெயர், பின்னது அப்பண்புடைய பலவற்றைக் குறிக்கும் பெயர். கணினி இவற்றை எழுதும் முறையில் இரண்டும் ஐந்தைந்து குறியீடுகள் கொண்டவை. முதல் மூன்று குறியீடுகளாகிய இ, ன, இகரக் குறி என்பன இரண்டிலும் ஒன்றே. நான்காவதும் ஐந்தாவதுமே வேறு. இனிமையில் அவை மகரமும் ஐகாரக் குறியும். இனியனவில் யகரமும் னகரமும்.

மகரத்தின் ஒருங்குறி எண் 2990. யகரத்தின் எண் 2991. ஐகாரக் குறியின் எண் 3016; னகரத்தின் எண் 2985. மகரத்திலிருந்து யகரத்துக்குச் செல்லும்போது ஒன்று மிகுகிறது. அது 31-ஆல் பெருக்கப்படுதலின் 31 மிகும். ஐகாரக் குறியிலிருந்து னகரத்துக்குச் செல்லும்போது 31 குறைகிறது. மிகுந்ததும் குறைந்ததும் சரியாகிவிடுகின்றன. 31 × 2990 + 3016 = 95706; 31 × 2991 + 2985 = 95706. ஆகவே, இரு சொற்களுக்கும் இறுதி எண் ஒன்றே, அது −1477745257. ‘இனிமை’ என்று எழுதினும் ‘இனியன’ என்று எழுதினும் எழுவது ஒரே உலகம். ‘எளிமை’, ‘எளியன’ என்பனவும், ‘உரிமை’, ‘உரியன’ என்பனவும் இவ்வாறே ஒன்றுபடும்.

பொருளுறவு கண்டு கணினி இவற்றை ஒன்றாக்கிற்று என்று எண்ணிவிடலாகாது. கணினிக்கு இலக்கணம் தெரியாது. அதற்குத் தெரிந்தது பெருக்கலும் கூட்டலுமே. பொருளுறவுடைய சொற்கள் ஒன்றுபட்டது வரிசையெண்களின் விளையாட்டு. ஆங்கிலத்தில் பெரிய ஏ, சிறிய ஏ ஆகியவற்றைச் சேர்த்து எழுதியதும், பெரிய பி இரண்டைச் சேர்த்து எழுதியதும் இக்காரணத்தாலேயே 2112 என்னும் ஒரே எண்ணாகின்றன. அவற்றிடையே எப்பொருளுறவும் இல்லை.

சொற்களுக்கு எல்லையில்லை, அவற்றிலிருந்து பிறக்கும் 32 இலக்க வித்துகளோ 4,294,967,296 மட்டுமே. ஆதலின், சொற்கள் மோதிக்கொள்வது தவிர்க்க முடியாதது. எத்தனை சொற்களுக்குள் ஒரு மோதல் எதிர்பார்க்கலாம்? 23 பேர் கூடிய அவையில் இருவர் ஒரே நாளில் பிறந்திருப்பதற்குப் பாதிக்குமேல் வாய்ப்புண்டு என்பது கணக்கறிந்தார் நன்கறிந்தது. அதே கணக்கின்படி, எண்கள் சீராகச் சிதறியிருப்பின், ஏறத்தாழ 77,000 சொற்களுக்குள்ளேயே ஓரிணை ஒன்றுபடுவதற்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும். நானூறு கோடிக்கு மேற்பட்ட இடமிருந்தும் எழுபத்தேழாயிரத்தில் நெருக்கடி வந்துவிடுகிறது!

பாதி ஒற்றுமை

இதுகாறும் கூறியது முழு ஒற்றுமை. பாதி ஒற்றுமையும் உண்டு. முகப்புக் காட்சி தோன்றிய பதிப்புக்குப் பின் வந்த பதிப்புகளில், நிலவகைகளை வகுக்கும் பகுதி தனியே அமைக்கப்பட்டது. பனிவெளி எங்கே, பாலை எங்கே, அடர்காடு எங்கே என்று வகுக்கும் அப்பகுதி 64 இலக்கங்களையும் கணக்கில் கொண்டது. மேடுபள்ளத்துக்கு அடிப்படையான கணக்கும், சிற்றூர், கோயில் முதலியவற்றுக்கு இடம் குறிக்கும் கணக்கும் 48 இலக்கங்களோடு நின்றன. விளைவு யாது? கடைசி 48 இலக்கங்கள் ஒத்த இரு வித்துகளில் சிற்றூருக்குக் குறிக்கப்பட்ட இடம் ஒன்றே. ஆனால் ஒன்றில் அவ்விடம் பாலையாயிருக்கும், மற்றொன்றில் கடலாயிருக்கும். கடலாயின் ஊர் எழாது. இத்தகையவற்றை விளையாடுவோர் ‘உடன்பிறப்பு வித்துகள்’ என்பர்.

இதற்கு மறுதலையும் உண்டு. நிலவகை ஒன்றாயிருக்க, மேடுபள்ளமும் ஊர்களின் இடமும் மாறுவது அது. ஓர் எண்ணைப் பத்திலிருந்து கழித்து, வந்ததோடு அவ்வெண்ணைப் பெருக்கிப் பார்க்க. 3 ஆயின் 3 × 7 = 21; 7 ஆயின் 7 × 3 = 21. கூட்டினால் பத்தாகும் இரு எண்கள் ஒரே விடையைத் தருகின்றன. நிலவகை வகுக்கும் பகுதி வித்தை அவ்வித்தோடே பெருக்கும் இத்தகைய கணக்கொன்றால் தொடங்கியமையின், அங்கும் ஒவ்வொரு வித்துக்கும் ஓர் எதிரொளி வாய்த்தது. 64 இலக்கக் கணக்கில் இரண்டையும் கூட்டினால் −7379792620528906219 என்று வரும் இணைகள் அவை. அவற்றில் தரைநிலத்தின் வகைகள் ஒன்றாயிருக்கும். இவற்றை ‘நிழல் வித்துகள்’ என்று வழங்குவர்.

2021 நவம்பரில் வந்த 1.18 என்னும் பதிப்பு நிலம் வனையும் முறையைப் பெரிதும் மாற்றிவிட்டது. அதில் நிலத்துக்கும் நிலவகைக்கும் 128 இலக்கங்கள் கொள்ளும் புதிய கருவி அமர்த்தப்பட்டது. வாயில் அகன்றது, பழைய ஒற்றுமைகள் பல மறைந்தன. ஆயினும், சொல்லை எண்ணாக்கும் முறை மாறவில்லை. இனிமையும் இனியனவும் இன்றும் ஒன்றே.

குடும்பச் சாயல்

எண் வழியாக எவ்வகை உறவும் இல்லாத வித்துகளிலும் ‘இந்த இடத்தை முன்பே பார்த்திருக்கிறோமே’ என்னும் எண்ணம் விளையாடுவோர்க்கு எழுவதுண்டு. இதன் காரணம் வித்தில் இல்லை, விதியில் உள்ளது.

மலையின் உயரத்தை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனித் தற்செயல் எண்ணாகக் கொண்டால், நிலம் ஊசிகளை நட்டாற்போல இருக்கும், மலையாக இராது. இதனைப் போக்க உதவியது அமெரிக்கரான கென் பெர்லின் 1980-களின் தொடக்கத்தில் கண்டு, 1985-இல் வெளியிட்ட முறை. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாய்வுத் திசையை மட்டும் தற்செயலாக அமைத்து, இடைப்பட்ட இடங்களை வழுவழுப்பாக இணைப்பது அதன் நுட்பம். பெரிய கட்டங்கள் மலைத்தொடரைத் தரும். சிறிய கட்டங்கள் மேடு பள்ளத்தைத் தரும். இரண்டையும் கூட்டினால் இயற்கை போன்ற நிலம் தோன்றும். திரைப்படத் துறையில் இம்முறை ஆற்றிய பணிக்காக 1997-ஆம் ஆண்டில் அவர் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது பெற்றார்.

இங்கே வித்து தீர்மானிப்பது சாய்வுத் திசைகளை மட்டுமே. கட்டத்தின் அளவு, எத்தனை அடுக்குகளைக் கூட்டுவது, கடல்மட்டத்தின் உயரம், எந்த நிலத்தில் எந்த மரம் என்பன எல்லாம் விதியில் முன்னரே எழுதப்பட்டவை. எந்த வித்தை இட்டாலும் அவை மாறா. வெண்பாவை நினைத்துப் பார்க்க. ஆயிரம் புலவர் ஆயிரம் பொருள்மேல் வெண்பாப் பாடலாம். சொல் வேறு, பொருள் வேறு. ஆயினும், தளையும் ஈற்றடியும் ஒன்றாதலின் எல்லாவற்றிலும் செப்பலோசை கேட்கும். பெர்லினின் முறையில் எழும் மலைகளும் அத்தகையனவே. அவை ஒன்றன் படி ஒன்றல்ல. ஒரே யாப்பில் அமைந்த வெவ்வேறு பாடல்கள்.

எண்ணிக்கை மிகுந்தால் வேறுபாடும் மிகும் என்னும் நம்பிக்கை இங்கேதான் தோற்றுப்போகிறது. 2016-ஆம் ஆண்டில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் பிரிட்டிஷ் விளையாட்டு, இரண்டின் 64-ஆம் மடி எண்ணிக்கையுள்ள கோள்களோடு வெளிவந்தது. சில நாள் உலவியபின், பார்த்ததையே பார்க்கிறோம் என்று விளையாடியோர் பலர் குறைகூறினர். அமெரிக்க ஆய்வாளர் கேட் காம்ப்டன் அதே ஆண்டில் இதனை ஓட்ஸ் கஞ்சியை உவமையாக்கி விளக்கினார். பத்தாயிரம் கிண்ணங்களில் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றி வைத்தால், எந்த இரண்டிலும் பருக்கைகள் ஒரே வகையாய்க் கிடவா. கணக்கின்படி எல்லாம் வேறு. உண்போர்க்கோ எல்லாம் கஞ்சியே. கணக்கில் வேறுபடுவது ஒன்று. காண்பார் உள்ளத்தில் வேறுபடுவது மற்றொன்று.

‘எலீட்’டைப் படைத்தவர்கள் முதலில் இரண்டின் 48-ஆம் மடி எண்ணிக்கையுள்ள விண்மீன் மண்டலங்களை வைக்கவே எண்ணினர். அவ்வளவு மிகுதி, உலகங்கள் எண்ணிலிருந்து பிறந்தவை என்னும் செயற்கையை வெளிப்படுத்திவிடும் என்று பதிப்பகத்தார் அஞ்சி, எட்டே போதும் என்றனர். சுருக்கம் மதிப்பைக் காக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

ஒன்றா, ஒப்பா?

ஆகவே, இரு வேறு வித்துகளில் ஒத்த நிலத்தைக் காணும்போது கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இவை ஒன்றா? அன்றி, ஒப்பா? இரண்டையும் பிரித்தறிய வழியும் உண்டு.

முதலாவது, விளையாட்டின் பதிப்பு ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். விதி மாறினால் ஒரே வித்தும் வேறு உலகத்தைத் தரும். இரண்டாவது, ஓரிடத்து ஒற்றுமையைக் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. பூமியைப் போல் ஏழு மடங்கு பரந்த நிலத்தில் வளைந்த ஓராறும் அதன் அருகே ஒரு குன்றும் எத்தனையோ இடங்களில் வாய்க்கும். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள மூன்று இடங்களை, அவற்றின் இட எண்களோடு குறித்து, இரண்டு உலகங்களிலும் ஒப்பிட வேண்டும். மூன்றும் கட்டிக்குக் கட்டி ஒத்தால் அவை ஓருலகமே. மூன்றாவது, எது ஒத்தது என்று வகைப்படுத்த வேண்டும். நிலவகை மட்டும் ஒத்ததா, ஊர்களின் இடம் மட்டும் ஒத்ததா, முழுதும் ஒத்ததா? அதனைக் கொண்டே வித்துகளின் உறவை அறியலாம். இறுதியாக, வித்துகள் எண்களாயின் கழித்துப் பார்க்கலாம். சொற்களாயின் 31-ஆல் பெருக்கிப் பார்க்கலாம். கண் தரும் ஐயத்தைக் கணக்கு தீர்த்துவைக்கும்.

விளையாட்டுக்கு அப்பால்

விளையாட்டில் இரண்டு மலைகள் ஒத்துப்போவதால் எவர்க்கும் இழப்பில்லை. வேறு சில இடங்களில் இழப்புண்டு. 1999-ஆம் ஆண்டில் இணையவழிச் சீட்டாட்ட மென்பொருள் ஒன்றை ஆய்வாளர் சிலர் சோதித்தனர். 52 சீட்டுகளைக் கலைக்கும் வகைகள் எண்ணற்றவை. 8-ஐ எழுதி அதன்பின் 67 சுழியங்களை இட்டால் வரும் எண்ணுக்கும் அவை சற்று மிகும். ஆனால், அம்மென்பொருள் கலைப்பதற்கு வித்தாகக் கொண்டது நள்ளிரவு முதல் கழிந்த மில்லி நொடிகளின் எண்ணிக்கையை. ஒரு நாளில் உள்ள மில்லி நொடிகள் 86,400,000 மட்டுமே. ஆகவே, எழக்கூடிய கலைப்புகளும் அவ்வளவே. கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டால் தேட வேண்டியவை ஏறத்தாழ இரண்டு இலட்சமாகச் சுருங்கின. தம் கையிலுள்ள சீட்டுகளையும் மேசைமேல் திறந்த சீட்டுகளையும் கொண்டு, எதிரியின் கையில் இருப்பவற்றை ஆய்வாளர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே கூறிவிட்டனர். பணம் வைத்து ஆடும் மேசையில் இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

கடவுச்சொல் ஆக்குவது, குலுக்கலில் பெயர் எடுப்பது, தேர்வுக்கு வினாக்களைக் கலைப்பது என்று எத்தனையோ பணிகள் இன்று கணினியின் தற்செயல் எண்களை நம்பி நடக்கின்றன. அங்கெல்லாம் ‘எத்தனை கோடி வகை வரக்கூடும்?’ என்று மட்டும் கேட்டு நிறைவடைதல் கூடாது. ‘உள்ளே செல்லும் வித்து எவ்வளவு பெரிது? அதில் எவ்வளவு உண்மையாகவே பயன்படுகிறது?’ என்று கேட்க வேண்டும். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே ஆவதுபோல, விளைவுகளின் எண்ணிக்கை அவை கடந்துவரும் மிகக் குறுகிய வாயிலின் அளவே ஆகும்.

மாணவன் ஒருவன் ஆசிரியரிடம் வந்து, ‘வேறு வித்து இட்டேன், அதே மலை வந்தது. இஃது எப்படி?’ என்று கேட்கக்கூடும். அவ்வினாவை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடாது, ஏழையும் இருபத்து மூன்றையும் பதினாறால் வகுத்துக் காட்டுக. பின்னர் ‘இனிமை’, ‘இனியன’ என்னும் இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் எண்களை 31-ஆல் பெருக்கிக் கூட்டச் சொல்லுக. கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் அங்கே ஒரே பலகையில் சந்திக்கும். வேறு பெயர் கொண்டவை எல்லாம் வேறு பொருளல்ல என்பதையும், ஒத்துத் தோன்றுவன எல்லாம் ஒன்றல்ல என்பதையும் அம்மாணவன் தன் கையாலேயே கணக்கிட்டு அறிந்துகொள்வான்.